அது குருவிதான், அம்மா

பொங்கல் முடிந்து, ஐயப்ப சாமிகளின் கூட்டமும் வடிந்துவிட்டால் குற்றாலத்துக்கு யாரும் வருவதில்லை. அருவியில் தண்ணீர் நூலாகிவிடும். கடைக்காரர்கள் பாதிப் பேர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் கனடாவிலிருந்து ஒரு அக்கா விடுமுறைக்கு, அதுவும் பறவை பார்க்க வருகிறார் என்று நான் சொன்னபோது என் கணவர் நம்பவில்லை.

"ஆனி ஆடிச் சாரல்ல வரச் சொல்லேன். இப்ப வந்து எதப் பாக்கப் போறாவ?" என்றார்.

நான் தென்காசியில் பெண்கள் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியை. வீடு இலஞ்சியில். சனி, ஞாயிறுகளில் நானும் கணவரும் காரை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் பறவைகளைத் தேடிப் போவோம். எடுக்கிற படங்களை ஃபேஸ்புக்கில் போடுவேன். மேக்கரையில் ஒரு மாந்தோப்பில் எடுத்த காட்டுக் கொம்பன் ஆந்தையின் படத்தைப் போட்டிருந்தேன். பெரிய பறவை. வெளிறிய வயிற்றில் கருப்புப் புள்ளிகள், தலையில் இரண்டு பக்கமும் சாய்ந்த கொம்பு போல இறகுகள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் எனக்கு எழுதினார்.

"படம் பார்த்தனான். வலு வடிவு. அது கத்துறதையும் நீங்கள் கேட்டிருக்கிறீங்களோ?"

கேட்டிருக்கிறேன், தை மாசியில் பொழுது சாயும்போது கத்தும் என்று பதில் போட்டேன். "அப்ப நான் தையில வாறன்" என்று உடனே எழுதினார். பேச்சை வைத்து இலங்கைக்காரர் என்று புரிந்தது. வேறொன்றும் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது.

காலை ரயிலில் தென்காசியில் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய தலைமுடி, கழுத்தில் நல்ல விலையுள்ள பைனாகுலர். எங்கள் வீட்டு மாடியை சீசனில் வாடகைக்கு விடுவோம், அதில் தங்கிக்கொண்டார். கனடாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை ரீச்சர் என்றார்.

மறுநாள் காலை பழைய குற்றாலத்துக்குப் போனோம். ஓடைக்கு மேலே பாறையிடுக்கில் சீகாரப் பூங்குருவி பாடிக்கொண்டிருந்தது. வேலையில்லாத பையன் ஒருவன் ராகம் தெரியாமல் சீட்டியடிப்பது போல இருக்கும் அதன் பாட்டு. அக்கா சட்டென்று திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார்.

"ஆர் அது?"

"பறவைக்கா. அந்தா, அந்தப் பாறைல உக்காந்திருக்கு பாருங்க."

பைனாகுலரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆனால் படிக்கட்டில் யாருமில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டுதான் சிரித்தார்.

பறவை பார்ப்பதில் அவர் கைதேர்ந்தவர். இலை அசைவதைப் பார்த்தே எந்தக் கிளை என்று சொல்லிவிடுவார். சாம்பல் வாலாட்டியைக் கண்டு குழந்தை மாதிரி மகிழ்ந்தார். பனியில் நின்று பறவை பார்ப்பதைப் பற்றி, விரல் மரத்துப்போவதைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று கேட்டேன்.

"ஒரு ஆந்தைக்காகத்தான் தொடங்கினது. பிறகு மற்றதெல்லாம் பிடிச்சுப்போச்சு" என்றார்.

அன்று மாலை இலஞ்சிக் குளக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது புளியமரத்திலிருந்து ஒரு ஆந்தை நடுங்கும் குரலில் கூவியது. செங்கோட்டைப் பக்கம் காலன்கோழி என்பார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அது ஓயும்வரை கேட்டார்.

"இல்லை. இது வேற" என்று கையை விட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "அந்த அக்கா பறவை பாக்க வந்த மாதிரியே தெரியலங்க. யாரையோ அடையாளம் காட்ட வந்த மாதிரி இருக்கு."

அடுத்த நாள் மாலை மூவருமாக மேக்கரைக்குப் போனோம். அங்கே எங்களுக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவருக்கு மாந்தோப்பு உண்டு. தோப்பு முடிகிற இடத்தில் சோலார் வேலி, அதற்கு அந்தப் பக்கம் காடு. இருட்டும்வரை மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்துகொள்ள விடுவார். அக்கா எதைத் தேடி வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அண்ணாச்சியின் முகம் சுருங்கியது.

"அது கெட்ட பறவைல்லா. அது கத்துனா நாங்க காதப் பொத்திக்கிடுவோம். நீங்க அதத் தேடி அம்புட்டுத் தூரத்துல இருந்தா வாரீய?"

அக்கா காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஆந்தை கத்தவில்லை. நன்றாக மங்கிய நேரத்தில் பக்கத்துத் தோப்பில் டமார் என்று ஒரு வெடி. திரும்பிப் பார்த்தேன், அக்கா பக்கத்தில் இல்லை. மோட்டார் அறைச் சுவரோடு ஒட்டி, முழங்காலுக்குள் தலையை வைத்துக் குந்தியிருந்தார். பைனாகுலர் மண்ணில் கிடந்தது.

அண்ணாச்சி பதறிப்போனார். "யானைய வெரட்டப் போடுதாவம்மா. ஒண்ணுமில்ல. பயப்படாதீய."

அவர் தண்ணீர் எடுக்கப் போனார். என் கணவர் பைனாகுலரைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, நான் எதுவும் கேட்காமல், சொல்லத் தொடங்கினார்.

"எங்கட வீடு வன்னியில, காட்டுக்கரையில. அப்பா முதலே செத்துட்டார். அண்ணாக்குப் பதினேழு வயசு, எனக்குப் பதினொண்டு. மாடு ஒண்டு பட்டிக்கு வரேல்லை எண்டு தேடிக்கொண்டு அண்ணா காட்டுக்குள்ள போனவன். சண்டைக் காலம். காட்டுக்குள்ள ஆர் நிப்பினம் எண்டு சொல்லேலாது. பொழுதுபட்டிட்டுது. நானும் அம்மாவும் வாசல்ல நிக்கிறம். அப்ப காட்டுக்குள்ளயிருந்து ஒரு குரல் கேட்டது. ஆரோ குளறி அழுகிற மாதிரி. பிறகும் ஒருக்காக் கேட்டது. அம்மா என்ர கையைப் பிடிச்சு உள்ள இழுத்துக் கதவைச் சாத்திட்டா. அது பேய்க்குருவி பிள்ளை, கேக்கக் கூடாது எண்டு சொன்னவ."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"விடிஞ்சாப் பிறகு ஊரெல்லாம் தேடினது. மாடு தானா வந்திட்டுது. அவன் வரேல்லை."

அந்த அம்மா இப்போது எண்பது தாண்டி, கனடாவில் மகளோடு, படுக்கையில் இருக்கிறார். பொழுதுபட்டதும் கேட்பாராம், "பிள்ளை, அது குருவிதானே?" என்று. ஓம் என்று இவர் சொல்வார். "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

"எனக்கு எப்பிடித் தெரியும், ரீச்சர்?"

"இன்டர்நெட்ல அதோட சத்தம் இருக்குமே. கேட்டுப் பாத்தியளாக்கா?"

"எத்தினை தரம். ஒண்டைக் கேட்டா அதுதான் எண்டிருக்கும், மற்றதைக் கேட்டா இல்லையெண்டிருக்கும். காட்டுக்கரையில நிண்டு, பொழுதுபடேக்க, தூரத்திலயிருந்து கேக்க வேணும். அங்க போய்க் கேக்க எனக்கேலாது. பேய்க்குருவி எண்டு நாங்கள் சொல்லுறது இந்த ஆந்தையைத்தானாம். இங்கயும் அதே ஆந்தைதானே?"

"அதே ஆந்தைதான்க்கா."

அதற்கு அடுத்த மாலை, நாங்கள் போய் உட்கார்ந்து நெடுநேரம் ஆகியிருக்கவில்லை, மலைச்சரிவில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. முதலில் அடித்தொண்டையிலிருந்து வரும் அந்த ஒலி. ஊம் என்று ஒன்று, சற்று விட்டு இன்னொன்று. நான் அக்காவைத் தொட்டேன். அவர் ஏற்கனவே எழுந்து வேலியருகே போய்விட்டிருந்தார்.

பிறகு அது அலறியது. மெல்லத் தொடங்கி, ஏறி, உச்சியில் உடைந்து, அழுதுகொண்டே இறங்குவது போன்ற குரல். அண்ணாச்சி துண்டால் காதை மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அது சரிவிலேயே இடம் மாறி மறுபடி அலறியது. பிறகு இன்னும் தூரத்திலிருந்து ஒரு முறை.

அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. குரல் ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

"ரீச்சர், இதுக்கு வேற குரல் இருக்கோ?"

"நான் கேட்டவரைக்கும் இதுதான்க்கா."

"பெட்டையெண்டா வேற மாதிரிக் கத்துமோ? குஞ்செண்டா?"

"இருக்கலாம்க்கா. அம்புட்டு எனக்குத் தெரியாது." இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உறுதியாகச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

அவர் தலையை ஆட்டினார். "இல்லை. இதில்லை. அதில ஒரு சொல்லு இருந்தது. இதில இல்லை."

என்ன சொல் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

தோப்பில் சிக்னல் கிடைக்காது. பண்பொழிப் பக்கம் வரும்வரை அக்கா போனைக் கையிலேயே பிடித்திருந்தார். அந்த ஊருக்குச் சற்று முன்னால் வயல்வெளியில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். கனடாவில் அப்போது காலை நேரம். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அக்காவின் மகள் எடுத்துப் பாட்டியின் காதருகே போனை வைத்தாள். ஸ்பீக்கரில் கட்டில் கிரீச்சிடுவதுகூடக் கேட்டது.

"அம்மா, கேட்டனான். காட்டுக்கரையில நிண்டு கேட்டனான். அதுதான். அது குருவிதான், அம்மா."

அந்தப் பக்கம் தெளிவான, மெல்லிய குரல்.

"வடிவாக் கேட்டனியோ?"

"வடிவா, தெளிவாக் கேட்டனான்."

"ஆர் பக்கத்தில?"

"இந்த ஊர் ரீச்சர் ஒராள்."

"அவவிட்டக் குடு."

அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை அது. போனை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"பிள்ளை, நீங்களும் கேட்டனீங்களோ?"

"கேட்டேன் ஆச்சி."

"மனுசக் குரல் மாதிரியோ இருந்தது?"

"ஆமா ஆச்சி. அப்படியே மனுசக் குரல் மாதிரிதான் இருக்கும். தெரியாதவங்க கேட்டா நடுங்கிப் போயிருவாங்க."

"அப்ப பிழையில்லை" என்றார் அவர். கொஞ்சம் விட்டு மறுபடியும், "அப்ப பிழையில்லை."

நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனாலும் போனை அக்காவின் முகத்தைப் பார்க்காமல்தான் திருப்பிக் கொடுத்தேன். அக்கா தாயிடம் சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று வழக்கமான பேச்சுப் பேசி முடித்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வயல் வரப்பில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். என் கணவர் ஹெட்லைட்டை அணைத்தார். அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தோம்.

வீட்டில் அவர் மாடிக்குப் போன பிறகு கணவர் சொன்னார். "பதினோரு வயசுப் பிள்ள கேட்டது. இத்தன வருசம் கழிச்சு ஒரு சத்தம் அப்படியேவா ஞாபகம் இருக்கும்? மாறிப்போயிருக்கும்லா."

"இருக்கலாம்" என்றேன். நானும் அதைத்தான் நினைத்துக்கொள்ள முயன்றுகொண்டிருந்தேன்.

இன்னும் சில நாள் அக்கா எங்களோடு இருந்தார். அழுது ஓய்ந்த வீடு போல இருக்கும் என்று பயந்தேன், அப்படியில்லை. விடுமுறைக்கு வந்தவர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். ஐந்தருவிப் பக்கம் இருவாச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு நாளெல்லாம் அதையே பேசினார். கேரள எல்லையோரக் கடையில் பார்டர் புரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு இவ்வளவு எண்ணெயா என்று கேட்டார், ஆனால் அடுத்த நாளும் வேண்டும் என்றார். மேக்கரைக்கு மட்டும் மறுபடி போகலாம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரயிலேறும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களையும் சொல்ல வைச்சிட்டன்."

"பரவால்லக்கா."

அந்த ஆண்டு சாரல் தொடங்கியிருந்தபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. அம்மா போய்விட்டார். "அண்டைக்குப் பிறகு அவ ஒருநாளும் கேக்கேல்லை, ரீச்சர். நல்லா நித்திரை கொண்டவ" என்று எழுதியிருந்தார். ஆறுதலாக ஏதோ எழுதிவிட்டு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. "நானோ? எனக்கு இனி ஆரிட்டக் கேக்கிறது?"



எனக்கு நேர்ந்தது சின்ன விஷயம்தான். முன்பெல்லாம் அந்த ஆந்தை கத்தினால் எந்த மரம், எவ்வளவு தூரம், படம் எடுக்க வெளிச்சம் போதுமா என்றுதான் யோசிப்பேன். இப்போது அப்படி முடிவதில்லை. அது கத்தும்போது, இதைப் போலவே இருந்து ஆனால் இது இல்லாத ஒரு குரலை மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. நான் ஒருநாளும் கேட்டிராத குரல். அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே, பாத்திரம் கழுவும்போதும் வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பும்போதும் சில நாள் காதுக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

இந்தத் தையில் அண்ணாச்சி போன் செய்தார். தோப்பையொட்டிய பெரிய மரத்துப் பொந்தில் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். அவருக்கு அது இன்னும் கெட்ட பறவைதான். ஆனாலும் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

போனோம். ஒரே குஞ்சு. பஞ்சுப் பொதி போல வெள்ளையாக, முகத்துக்கு மீறிய பெரிய கண்களோடு எங்களைக் குனிந்து பார்த்தது. படம் எடுத்தேன். அக்காவுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன், அனுப்பவில்லை.

வெளிச்சம் போனதும் தாய்ப்பறவை சரிவிலிருந்து ஒரு முறை அலறியது. கணவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"போவமா?"

நான் வேலியருகே நின்றிருந்தேன்.

"கொஞ்சம் பொறுங்க. இன்னொரு தடவ கத்தட்டும்."