மைதானத்தில் கழன்ற மோதிரம்

அப்போது நான் புது மாப்பிள்ளை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. என்னைப் போலப் படகு வேலைக்குப் போகிறவர்கள் ஊருக்கு வந்திருந்தோம். எங்கள் பக்கம் கல்யாணம், கால்பந்துப் போட்டி எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கும். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்து மைதானத்தில் இறுதி ஆட்டம். எங்கள் பசியாவரமும் தோணிரேவும் மோதின. தோணிரேவு என் மனைவியின் ஊர். வம்புக்கு வேறென்ன வேண்டும்?

அன்று மதியம் மாமியார் வீட்டில் விருந்து. இறால், நண்டு, மறுபடி இறால். எதிரணியில் ஆடுகிற மச்சான்தான் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருந்தான். வேண்டுமென்றேதான் செய்தானோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அடித்துப் பிடித்து நான் மைதானத்துக்கு வந்தபோது நடுவர் எல்லாருடைய காலணிகளையும் பார்த்து முடித்திருந்தார். வலை மிதவையை வெட்டிக் காலுறைக்குள் செருகியிருந்தோம், முன்னங்காலில் அடிபடாமல் இருக்க. அதைக்கூட ஒவ்வொருவரிடமும் அழுத்திப் பார்த்தாராம். என் காலை அவசரமாகக் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். கையைப் பார்க்கவில்லை.

கையில் மாமனார் போட்ட மோதிரம் இருந்தது. கல்யாணப் பந்தலில் எல்லார் முன்னாலும் அவரே என் விரலைப் பிடித்துப் போட்டுவிட்டது. கொஞ்சம் இறுக்கம்தான். ஆனாலும் எனக்கு அதில் அவ்வளவு பெருமை. டீக்கடையில் கிளாஸைப் பிடிக்கும்போதுகூட அந்த விரல் தெரிகிற மாதிரிதான் பிடிப்பேன்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் பந்து கேட்டுக் கையைத் தூக்கினேன். வெயிலில் மோதிரம் பளிச்சென்று மின்னியிருக்க வேண்டும். நடுவர் விசில் ஊதவில்லை. என் பக்கமாக ஓடிவந்து, யார் காதிலும் விழாதபடி, "பந்து வெளிய போனதும் நீங்களும் வெளிய போய் மோதிரத்தக் கழட்டிட்டு வாங்க" என்றார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். "கடலுக்குப் போனா கழட்டுவேன் சார். இது இன்னா கடலா?" என்று கேட்டேன்.

படகில் அது கட்டாயம். வலையில் மோதிரம் மாட்டினால் விரலோடு போய்விடும். பக்கத்துப் படகுக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் போனது. அதை நாங்கள் எல்லாருமே பார்த்திருக்கிறோம். ஆனால் அது கடல் சமாச்சாரம், தரையில் அதற்கு என்ன வேலை என்பது என் எண்ணம். பந்து கல்லறைச் சுவரைத் தாண்டி விழுந்ததும் நடுவர் கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினார்.

போனேன். இழுத்துப் பார்த்தால் வரவில்லை. விரல் வீங்கியிருந்தது. பஜ்ஜிக் கடையிலிருந்து எண்ணெய் வாங்கித் தடவினார்கள், அசையவில்லை. எங்கள் கேப்டன் பிளாஸ்திரி கொண்டுவந்து மோதிரத்தின் மேல் ஒட்டப் போனான். அதெல்லாம் கூடாது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்று நடுவர் தூரத்திலிருந்தே தலையாட்டிவிட்டார். சுவர் ஏறிக் குதித்துப் பந்தை எடுத்துவந்து ஆட்டத்தையும் தொடங்கிவிட்டார்கள். எங்கள் அணியில் ஓர் ஆள் குறைவு.

அதற்குள் மாமனார் வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. பந்தலில் போட்ட மோதிரத்தை மாசம் திரும்புவதற்குள் இரண்டு ஊர் பார்க்கக் கழற்றுவதா, ஊரில் என்ன பேசுவார்கள் என்று முணுமுணுத்தார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. உள்ளே ஆட்டம், வெளியே மாமனார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். கோல் வலையின் ஓரத்தில் தொங்கிய நைலான் நூலில் ஒரு முழம் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். தன் அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"மோதிரம் உன்னுது நைனா. விரல் என்னுது."

அவள் நூலின் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்தாள். மீதி நூலை விரல் மூட்டைத் தாண்டி நெருக்கமாகச் சுற்றினாள். பிறகு அடியிலிருந்த நுனியைப் பிடித்து மெல்லப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க மோதிரம் நூலின் மேலேயே ஏறி வந்தது. மெதுவாகக் கழற்று, அவசரமே இல்லை என்று அவள் ஊர்ப் பையன்கள் கத்தினார்கள். மோதிரத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

நான் நேராக உள்ளே பாயப் போனேன். நடுவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பார்த்து அனுமதி கொடுத்தால்தான் நுழையலாமாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பந்து மறுபடி வெளியே போனபோது வந்தார். நகம் வெட்டியிருக்கிறதா என்று பள்ளிக்கூடத்தில் காட்டுவோமே, அதுபோல இரண்டு கையையும் நீட்டினேன். பார்த்தார், தலையசைத்தார். உள்ளே ஓடினேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் அடித்த பந்து எங்கள் கீப்பரையும் தாண்டி உருண்டது. நான் பாய்ந்து சறுக்கி, கோட்டுக்கு மேலே வைத்து அதை வெளியே உதைத்தேன். போன வேகத்தில் உடம்பு நிற்கவில்லை. நேராகக் கோலுக்குள் போய் விழுந்தேன். எங்கள் ஊரில் கோல் வலை என்றால் கடைச்சரக்கு இல்லை, ஏரியில் ஓடித் தேய்ந்த பழைய மீன் வலைதான். கை அதன் கண்ணிக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. மாட்டியது அந்த ஒரு விரல்தான். மொத்த உடம்பும் அதை இழுத்துக்கொண்டு போனது.

விரல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த தடம், அதன் மேலேயே நைலான் அறுத்த மெல்லிய ரத்தக் கோடு. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பக்கத்துப் படகுக்காரரின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. மச்சான்தான் கைகொடுத்துத் தூக்கினான். விரலைப் பார்த்துவிட்டுத் தன் பனியன் நுனியால் ரத்தத்தைத் துடைத்துவிட்டான்.

கடைசியில் பெனால்டியில் தோற்றோம். கோப்பை தோணிரேவுக்குப் போனது. என் மனைவி வெட்கமில்லாமல் கைதட்டினாள். நான் நேராக பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். நடுவர் பொன்னேரி பஸ்ஸுக்காக நின்றிருந்தார். விரலைக் காட்டினேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "மோதிரம் பத்திரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

அன்று இரவு சாப்பிடும்போது மாமனார் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த மோதிரத்தை அவர் மறுபடி போடச் சொல்லவே இல்லை. எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது அதை அழித்துக் கம்மலாக்கிக் கொண்டுவந்தார். அந்தக் கம்மல் மின்ன மின்ன அவள் நடக்கப் பழகியது என்னுடைய அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான்.