ஒரு 'ங்க' குறைந்தபோது

என் வீட்டுக்காரர் கோபத்தில்கூட 'ங்க' போடுகிறவர். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியைக் கோணலாக விரித்தவனைத் திட்டும்போதும், "ஏனுங்க தம்பி, கண்ணை எங்க வச்சிருந்தீங்க?" என்பார். திட்டு வாங்குகிறவனுக்கே சிரிப்பு வந்துவிடும்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பிழைக்க வந்து அதே கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தபோது இவரிடம் மாட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் என்னிடம் "வாங்க", "சாப்ட்டீங்களா?" என்றேதான் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பொண்டாட்டிய யாராவது வாங்க போங்கன்னு சொல்லுவாவளா? நான் என்ன உங்க கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்த பையரா?"

"பழகிப் போச்சுங்க" என்பார்.

போன வருஷம் கோடையில் ஒரு நாள், "தண்ணி எடுத்துட்டு வா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒருவழியாக என்னைப் பெண்டாட்டியாக நினைத்துவிட்டார் என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் மாமியாரையும் "சும்மா இரு" என்றார். கையில் சோற்றுத் தட்டோடு மாமியார் திரும்பி என்னைத்தான் முறைத்தார். தெற்கத்திக்காரி மகனைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். கம்பெனியில் முதலாளியையே "போய்யா" என்று சொல்லிவிட்டாராம். குடிக்கிறாரோ என்று வாயை மோந்து பார்த்தேன். வாடையே இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

காலையில் எழும்போதே தலை வலிக்கிறது என்பார். சில நாள் வாந்தியும் எடுப்பார். பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தேன். பேச்சு மாறியது ஒரு கவலை, தலைவலி வேறொரு கவலை என்றுதான் இருந்தேன். இரண்டும் ஒன்றென்று யாருக்குத் தோன்றும்? வேலைக்குக் கிளம்பியவர் ஒரு நாள் வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்தார்.

ஸ்கேனில் மூளையின் முன்பக்கம் கட்டி தெரிந்தது. "ஆள் மாறின மாதிரி எப்பத் தெரிஞ்சுது?" என்று டாக்டர் கேட்டார்.

"என்னை வா போன்னு கூப்பிட்ட அன்னைக்கு" என்றேன். டாக்டர் விழித்தார்.

மாமியார்தான் குறுக்கே வந்தார். "எம்பட பையன் பொறந்த கொழந்தையக்கூட வாங்க போங்கன்னுதானுங்க பேசுவான்."

குணம் மாறுவதும் இந்த நோயின் அறிகுறிதான் என்றார் டாக்டர், காலைத் தலைவலியையும் வாந்தியையும் போல. அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் என்னைப் பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்றார். நர்ஸ் பதறிப்போய், "அண்ணா, இவங்க யாருன்னு தெரியுதுங்களா?" என்று கேட்டாள். தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது என்று அவளிடம் நான்தான் சொன்னேன்.

எடுத்த கட்டி புற்றுநோய்தான். முழுவதும் எடுக்க முடியவில்லை, திரும்ப வளரலாம், பேச்சையும் நடத்தையையும் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மாத்திரை ஓடுகிறது.

நேற்று சாயங்காலம் கட்டிலில் ஓரமாக நகர்ந்து, "இங்க வந்து உக்காரு" என்றார். என் கையையும் பிடித்துக்கொண்டார். ஆசையில் சொன்னாரா, கட்டி சொன்னதா? எனக்குப் பயமாக இருந்தது, பிடித்தும் இருந்தது. அடுத்த வார்த்தையை எப்படி முடிக்கப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.