ஆண்டவருக்குக் கொடுத்த நண்டு

அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. "ஆண்டவர் பாப்பார்." மழைக்குக் கூரை ஒழுகினாலும் அதுதான், கணக்கில் எனக்குப் பதினெட்டுப் புள்ளி வந்தாலும் அதுதான். பார்த்துக்கொண்டேயிருக்கிறாரே தவிர, ஒரு கை கொடுப்பதாகத் தெரியவில்லையே என்று பத்து வயதில் எனக்கு ஆண்டவர்மேல் பெரிய மனத்தாங்கல். இப்போது கொக்குவிலில், கடற்காற்று எட்டாத ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அந்த இரண்டு சொல்லை யாராவது எனக்குச் சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிறேன். அம்மா போய் இரண்டு வருடமாகிறது.

எங்களுக்குக் குருநகர்ப் பக்கம். அப்பா பரவைக் கடலில் வலை கட்டியவர். அது ஆழமில்லாத கடல். இடுப்பளவு தண்ணீரில் வரிசையாகக் கம்பு நட்டு வலையை வளைத்துக் கட்டிவிட்டு வந்தால், விடிய இறாலும் நண்டும் உள்ளே கிடக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு மாதம் வலையில்லாமல் கிடந்தால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது கரை வழக்கம். அப்பா டெங்குக் காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்த இரண்டாம் கிழமை, அம்மா அப்பாவின் நீளக்கைச் சேட்டை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்.

கரையே திரண்டு வந்துவிட்டது. இறால் உடைப்பதற்கும் சந்தையில் மீன் விற்பதற்கும் பெண்கள் வேண்டும், வலை கட்டமட்டும் கூடாதாம். எல்லோருக்குமாகக் கதைத்தவர் என் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அவர் சொல்லுக்கு அந்தக் கரையில் மறுசொல் கிடையாது.

"பொம்பிளை வலை கட்டி இந்தக் கரை காணேல்லை. உங்களுக்குச் சோறு போட நான் இருக்கிறன். இடத்தை விடு பிள்ளை."

"கோவிக்காதேங்கோ அத்தான்," என்றார் அம்மா. "ஆண்டவர் அவரைத்தான் எடுத்தவர். இடத்தை எடுக்கேல்லை."

அன்றோடு பெரியப்பா எங்கள் வாசல் படலையைத் திறப்பதை விட்டுவிட்டார்.

அடுத்த நாள் விடியப் போய்ப் பார்த்தால், நட்ட கம்புகள் எல்லாம் பிடுங்கப்பட்டுக் கரையில் கிடந்தன. நான் ஓவென்று அழுதேன். அம்மா வலையைக் கையில் எடுத்து மெல்ல மெல்ல முழுவதையும் பார்த்தார்.

"அறுக்கேல்லை பிள்ளை. அவிழ்த்து, வடிவா மடிச்சு வைச்சிருக்கு. ஆண்டவர் பாப்பார்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறுத்தால் என்ன, அவிழ்த்தால் என்ன, இறால் விழப்போவதில்லையே.

அம்மா மறுபடி நட்டார். மறுபடி பிடுங்கினார்கள். மூன்றாம் தரம் நட்டபோது நானும் கழுத்தளவு தண்ணீரில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா இரண்டு தரம் விழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து எழும்பினார். பெரியப்பா கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் முதுகைப் பார்த்து நான் பல்லைக் கடித்தேன்.

அந்தக் கம்புகளும் அடுத்த நாள் கரையில் கிடந்தன. மாதம் முடிய மூன்றே நாள். இந்த முறை அம்மா கம்பையும் தொடவில்லை, வலையையும் தூக்கவில்லை. கிடந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

இனி ஆண்டவரை நம்பிப் பயனில்லை என்று நான் அந்தோனியாரிடம் போனேன். எங்கள் வீட்டில் அவருடைய சின்னச் சொரூபம் ஒன்று இருந்தது. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் வெட்கத்திலாவது கேட்டதைச் செய்து தருவார் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். திருப்பி வைத்தேன். அவர் கையிலிருந்த குழந்தை யேசுவுக்கும் சேர்த்துத் தண்டனை விழுந்ததில் கொஞ்சம் சங்கடம்தான். வேறு வழியில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் விடியப் போனோம். கடலில் கம்புகள் நின்றன. நாங்கள் நட்ட கோணல் கம்புகள் போலில்லை. நூல் பிடித்ததுபோல நேராக, ஆள் தொங்கினாலும் அசையாதபடி நின்றன. வலையும் கட்டியிருந்தது. அம்மா தண்ணீருக்குள் நடந்துபோய் முதல் கம்பிலிருந்த முடிச்சைத் தொட்டார். அது அப்பாவின் முடிச்சு. இடப்பக்கமாக மூன்று சுற்று, நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகியிருக்கும்.

"அம்மா, அப்பா வந்திட்டுப் போயிருக்கிறார்!" என்று கத்தினேன்.

அம்மா சேட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆண்டவர் பாத்திட்டார் பிள்ளை," என்றார். அப்பாவுக்கு அந்த முடிச்சைப் பழக்கியது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தோனியார் ரோசக்காரர் என்ற பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

புதிதாகக் கட்டிய வலையில் முதல்முதல் விழுவதை முதல் பாடு என்போம். அதில் நல்லதாகப் பார்த்து ஆண்டவருக்கென்று எடுத்து, கோயிலுக்குப் பக்கத்து அறைவீட்டில் இருக்கும் பங்குச் சுவாமியிடம் கொடுத்துவிட வேண்டும். அம்மா இருந்ததிலேயே பெரிய நண்டை வாளியில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"பெரியப்பா வீட்டிலை குடுத்திட்டு வா."

"அது ஆண்டவற்றை பங்கெல்லோ?"

"ஓம். நீ கொண்டுபோய்க் குடு. ஆண்டவரிட்டைத்தான் போகுது."

எங்களைக் கடலில் இறங்கக்கூடாது என்று சொன்ன மனுஷனுக்கு ஆண்டவரின் பங்கா? அம்மா பயந்துபோய்விட்டார் என்று நானே முடிவு கட்டினேன். பெரியப்பா வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முனைவரை நடந்தேன். அவர் படலையடியில் நின்றுகொண்டிருந்தார். வாளியோடு என்னைக் கண்டதும் ஓரடி முன்னால் வந்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு கோயில் பக்கம் திரும்பினேன்.

"என்ன பிள்ளை சொன்னவர்?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை."

அது பொய்யே இல்லை என்பதால் பாவசங்கீர்த்தனத்திலும் நான் அதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு அம்மாவும் பெரியப்பாவும் ஒரே பூசையில் ஆளுக்கொரு மூலையில்தான் நின்றார்கள். கம்புகளை யாரும் பிடுங்கவில்லை. காற்று மழையில் சாய்ந்தாலும், அடுத்த நாள் நாங்கள் போகுமுன் அவை நேராகியிருக்கும். அம்மா முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். இப்படியே வருடங்கள் போயின.

அம்மாவின் செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டபோது, எழுபது தாண்டிய பெரியப்பா தானே வந்து கயிற்றை எடுத்தார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிறு இடப்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே மறைந்தது. நான் முடிச்சையே பார்ப்பதை அவர் கண்டுகொண்டார்.

"பிடுங்கினதும் நான்தான் பிள்ளை, நட்டதும் நான்தான். கொம்மாவுக்கு விளங்கும் எண்டு நினைச்சன். கோவத்தோடையே போயிட்டாள்." கயிற்றின் மிச்சத்தைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு உன்னை வாளியோடை கண்டனான். எனக்காக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"உங்களுக்குத்தான் பெரியப்பா," என்றேன். அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அந்தப் பத்து வயதில், என்னிடம் நண்டைக் கொடுத்துவிட்ட அன்று பின்னேரம் அம்மா முற்றம் கூட்டினார். அப்பா போன பிறகு எடுக்காத நல்ல கோப்பையைக் கழுவி வைத்தார். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்ற, மறுபடி ஊற்றினார். நான் அந்தோனியாரை முன்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஆண்டவரின் பங்கை ஆண்டவரிடமே சேர்த்துவிட்ட திருப்தியில் பக்கத்தில் போய் நின்றேன். யாரம்மா வருகினம் என்று கேட்டேன். வருவினம் பிள்ளை என்று சொல்லிவிட்டு அவர் படலையைப் பார்த்தார். வரவேண்டியவரை நான்தான் ஒழுங்கை முனையில் விட்டுவிட்டு வந்தேன் என்று தெரியாமல், நானும் அவரோடு சேர்ந்து படலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.