செஃபினா சுமந்த நஞ்சுக்கொடிகள்

செஃபினாவுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும் என்று பிரசவ வார்டு நர்சுகள் சொல்வார்கள். நூற்றுப் பதினெட்டு கிலோ உடம்பு, தேய்ந்துபோன இடது முழங்கால், நெஞ்சோடு அணைத்த ஒரு டப்பா. தெற்கு ஆக்லாந்தின் அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் அவளைக் கண்டதும் தாமாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

டப்பாவில் இருப்பது சற்றுமுன் பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடி. கொடி விழுந்த நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் அது கார் நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் போனால் திசு இன்னும் உயிரோடு இருக்கும். அங்கே ரோனீல் என்ற ஃபிஜி இந்தியப் பையன் அதில் நகத்தளவு துண்டுகளை வெட்டி, எங்கே போகிறது என்று பின்தொடர அடையாளம் வைத்த கொழுப்பை ஊட்டி, எவ்வளவை எரிக்கிறது, எவ்வளவைச் சேர்த்து வைக்கிறது என்று அளப்பான். ஒல்லியான தாயின் கொடியும் பருமனான தாயின் கொடியும் இதில் எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் டாக்டர் கில்லியனின் ஆராய்ச்சி. நேரம் தப்பினால் கொடி வெறும் இறைச்சி.

மிச்சம் குடும்பத்துக்குத் திரும்பிவிடும். சமோவாக்காரர்கள் கொடியை வீட்டு மண்ணில் புதைப்பவர்கள், வெள்ளைக்கோட்டுக்காரர்களிடம் எளிதில் கொடுத்துவிட மாட்டார்கள். "சாயங்காலத்துக்குள்ள உங்க கைக்கு வந்துடும், நான் பொறுப்பு" என்று தங்களில் ஒருத்தியான செஃபினா சொன்னால் மட்டும் கொடுப்பார்கள். ஆறு வருஷத்தில் நூற்று நாற்பத்து மூன்று கொடிகளை அவள் சுமந்திருக்கிறாள். ஒன்றுகூடத் திரும்பாமல் போனதில்லை.

அவள் ஓடியது சம்பளத்துக்காக மட்டுமல்ல.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன், இதே ஆஸ்பத்திரியில், அவளுடைய இரண்டாவது பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தான். தவீதா என்று பெயர் எடுத்து வைத்திருந்தாள். காலையில் வந்த டாக்டர் படுக்கையில் தொங்கிய தாளைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "உங்க எடைதான் காரணம்" என்றார். அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் போதகரின் மனைவி காத்திருந்தார். முன்பு மூத்த மகள் பிறந்தபோது அந்தக் கொடியை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுச் சபைக்கூடத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தான் செஃபினாவின் புருஷன், புதைப்பதற்குத் தன் அண்ணன் வரட்டும் என்று. பிள்ளைகள் ஞாயிறு என்ற சபைத் திருநாளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி அடுக்கிய பெண்கள் பழைய டப்பாக்களையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டார்கள். அதில் அதுவும் போயிற்று. "முதல் பிள்ளையோட கொடிக்கு மண்ணு கிடைக்கல, ரெண்டாவது பிள்ளை எப்படித் தங்கும்?" என்றார் போதகரின் மனைவி.

ஒருவர் கொழுப்பைச் சொன்னார், ஒருவர் மண்ணைச் சொன்னார். இரண்டு பேருமே எதையும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. தவீதாவின் கொடியை எடுத்து என்ன ஆயிற்று என்று ஒருவரும் சோதிக்கவில்லை. அது ஆஸ்பத்திரி உலையில் எரிந்து போயிற்று. தீர்ப்பு மட்டும் அவளிடம் தங்கியது. அதைச் சுமந்துகொண்டு அதே வார்டில் பதினெட்டு வருஷம் தரை துடைத்தாள். கொடி சுமக்க ஆள் வேண்டும் என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டபோது முதலில் மனு கொடுத்தவள் அவள்தான். தவீதாவின் சாவுக்குத் தன் உடம்புதானா காரணம் என்று கொடியைச் சோதிப்பவர்களிடம் ஒரு நாள் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆறு வருஷமாகியும் வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கில்லியன் ஒரு தாளை நீட்டினார்.

"தாய்மார்களுக்கான துண்டறிக்கை, செஃபினா. இதைச் சமோவன் மொழியில் எழுதித் தரணும். சாயங்காலம் அச்சுக்குப் போகுது."

மூன்றாவது வரியில் அவள் கண் நின்றது. 'தாயின் அதிக எடையால் நஞ்சுக்கொடி பழுதடைகிறது. அதனால் குழந்தைக்குக் கேடு விளைகிறது.'

இருக்கையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், பேனாவைத் திறந்தாள், மூடினாள். பிறகு நேரே ரோனீலிடம் போனாள்.

"பழுதுன்னு போட்டிருக்காங்களே. நீ பார்த்தியா பழுதை?"

"என்ன ஆன்ட்டி, காலையிலயே சண்டைக்கு வர்றீங்க? டீயாவது குடிக்க விடுங்க."

"காட்டு."

அவன் இரண்டு கண்ணாடிச் சில்லுகளை எடுத்தான். நுண்ணோக்கியில் முதல் சில்லு வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தது, அங்கங்கே சில புள்ளிகள். இரண்டாவதில் சிவப்பு முத்துகள் கொட்டிக் கிடந்தன.

"முதல்ல பார்த்தது ஒல்லியா இருக்கறவங்களோடது. வர்ற கொழுப்புல நெறைய எரிச்சுடுது. இது எடை கூடினவங்களோடது. எரிக்கறது மந்தமாயிடுது, அதனால துளித்துளியா உள்ளயே சேர்த்து வெச்சுக்குது. அந்தச் சிவப்பெல்லாம் கொழுப்பு, சாயம் போட்டிருக்கேன்."

"சேர்த்து வெச்சா பிள்ளைக்குப் போகாதுல்ல?"

"அதான் கேள்வி. அளவுக்கு மீறி வர்றதைப் பிள்ளைக்குப் போகாம இது தடுத்துப் பிடிக்குதா? இல்ல, மூளை வளரத் தேவையான நல்ல கொழுப்பையும் சேர்த்துப் பிடிச்சுக்குதா? கொஞ்சம் அதுவும் கொஞ்சம் இதுவுமா இருக்கலாம். ஆண் பிள்ளைக்கு ஒரு மாதிரி, பொண்ணுக்கு ஒரு மாதிரிகூட இருக்கலாம்."

"உனக்குத் தெரியாதுங்கற."

"எனக்கு மட்டுமில்ல ஆன்ட்டி, யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னை ஏன் சம்பளம் கொடுத்து வெச்சிருக்காங்க?"

அந்த நேரத்தில் வார்டிலிருந்து அழைப்பு வந்தது. எசேதாவுக்கு வலி முற்றிவிட்டது. முன்பே சம்மதம் தந்திருந்த பெண், மாங்கெரேயில் ரொட்டிக் கடையில் வேலை.

எசேதாவின் புருஷன் பீட்டா வாசலில் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவோடு நின்றான். "உங்களுக்காக ஒரே ஆளா காலி பண்ணினேன் ஆன்ட்டி" என்றான். "பெரிய தியாகம்டா. கழுவினியா இல்லையா?" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பத்தே முக்காலுக்குப் பையன் பிறந்தான், அழுதான். பத்து ஐம்பத்தைந்துக்குக் கொடி விழுந்தது. செஃபினா டப்பாவை மூடிக் கிளம்பும்போது எசேதா அவள் கையைப் பிடித்தாள். பிரசவத்துக்கு முந்தின மாசங்களில் எடைக்கருவியில் ஏறும்போதெல்லாம் நர்சுகள் உதட்டைப் பிதுக்கியதை எசேதா மறக்கவில்லை.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லுங்க. என் உடம்பு அவனை ஏதாவது பண்ணிடுச்சா?"

இருபத்தைந்து வருஷமாகச் செஃபினாவின் தொண்டையில் கிடந்த கேள்வி வேறொருத்தி வாயிலிருந்து வந்தது. ஓட வேண்டிய கால்கள் ஓடவில்லை.

"தெரியல கண்ணு. தெரிஞ்ச மாதிரி எவனாவது சொன்னான்னா, எதைப் பார்த்துச் சொல்றேன்னு கேளு. நான் இதைப் பார்க்கத்தான் கொண்டு போறேன்."

ஐந்து நிமிடம் போய்விட்டது. ஓடினாள். ஆய்வுக்கூடத்தின் கதவை முதுகால் தள்ளித் திறந்தபோது மணி பதினொன்று பதினொன்று. ரோனீல் கையுறையோடு தயாராக இருந்தான், கில்லியனும் அங்கேயே இருந்தார்.

செஃபினா டப்பாவை மேசையில் வைத்தாள். மூடிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"அந்த மூணாவது வரியை அடிங்க."

"எந்த வரி? செஃபினா, நேரம் ஓடுது."

"பழுதுங்கற வரி. அடிச்சாத்தான் திறப்பேன்."

"அதை அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா அச்சுல இருக்கும்."

ரோனீல் கடிகாரத்தைப் பார்த்தான். பதினேழு நிமிடம். பதினெட்டு. கில்லியனின் கழுத்து சிவந்தது. செஃபினாவின் உள்ளங்கைக்குக் கீழே டப்பாவின் இளஞ்சூடு தணிந்துகொண்டிருந்தது. இது என் கொடி இல்லை என்று அவளுக்கு உறைத்தது. நம்பிக் கொடுத்தவள் வார்டில் படுத்துக் கிடக்கிறாள். தன் வழக்குக்கு அவளுடைய சதையைப் பணயம் வைக்கும் தனக்கும், தாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போன அந்த டாக்டருக்கும் என்ன வித்தியாசம்? மூடியை அவளே திறந்தாள்.

"வெட்டுடா, சீக்கிரம்."

இருபதாவது நிமிடத்தில் முதல் துண்டு கண்ணாடிக் குடுவைக்குள் விழுந்தது. கில்லியன் மூச்சு விட்டார்.

"நன்றி. அந்த வரியைப் பத்தி அடுத்த பதிப்புல யோசிக்கலாம். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கறவங்களுக்குச் செய்தி தெளிவா இருக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப சமோவன்ல வேற ஆளை வெச்சு எழுதிக்குங்க. நான் எழுத மாட்டேன். நூத்தி நாப்பத்தி மூணு வீட்டுக்கும் நானே போய், பார்த்தது ஒண்ணு எழுதினது ஒண்ணுன்னு சொல்லிட்டு வருவேன்."

"என்னை மிரட்டறீங்களா?"

"ஆமா. திசு சாகறதுக்குள்ள மிரட்ட முடியல, இப்ப மிரட்டறேன்."

ரோனீல் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்: "டாக்டர், என் நோட்டுல பழுதுங்கற வார்த்தை எங்கயும் இல்ல."

கில்லியன் கெட்டவர் அல்ல. தேர்ந்த விஞ்ஞானி. தன் ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு வரியை எழுத அவர் கூசியிருப்பார். ஆனால் ஏழைப் பெண்களுக்கு எழுதும்போது மட்டும் சந்தேகத்தைக் கழித்துவிட்டு அதட்டலாம் என்று படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, அவருக்கும் இருந்தது. தாளை இழுத்து, நின்றபடியே அடித்தார், எழுதினார், மறுபடி அடித்தார். செஃபினா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

'எடை கூடிய தாயின் நஞ்சுக்கொடி கொழுப்பை எரிப்பது குறைகிறது, சேர்த்து வைப்பது கூடுகிறது. இது குழந்தையைக் காக்கவா, கேடு செய்யவா என்பது இன்னும் தெரியவில்லை.'

"சரியா?"

"இன்னொண்ணு எழுதுங்க. பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, கொடியைச் சோதிச்சுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கன்னு."

"அது நம்ம ஆராய்ச்சியே இல்லையே. எதுக்கு?"

"என்னோடதை யாரும் பார்க்கல" என்றாள் செஃபினா. பிறகு தவீதாவைப் பற்றிச் சொன்னாள், நாலே வாக்கியத்தில், யாரோ ஒருத்தியின் விலாசத்தைச் சொல்வதுபோல.

ரோனீலின் கத்தி நின்று மறுபடி நகர்ந்தது. கில்லியன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, பொய் சொல்லத் தெரியாத குரலில், "பார்த்திருந்தாலும் காரணம் தெரிஞ்சிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது, செஃபினா. உங்க எடைதான்னும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார்.

"பார்த்திருக்கலாம்ல."

"பார்த்திருக்கணும்" என்றார் கில்லியன்.

கடைசி வரியையும் எழுதினார். செஃபினா நாற்காலியை இழுத்தாள், ஆனால் உட்காரவில்லை. தாளை மேசையில் விரித்து, நின்றுகொண்டே, சமோவனில் முதல் சொல்லை எழுத ஆரம்பித்தாள்.