வெடிப்பில் போட்ட மாத்திரைகள்

கோடையில் எங்கள் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போகும். என் கம்மல் ஒன்றும் தம்பியின் இரண்டு கோலிக் குண்டுகளும் அப்படித்தான் போயின. எட்டு வயதில் நானாகவே அங்கே போட்டது வேறு: சித்தப்பாவின் காசநோய் மாத்திரைகள்.

சித்தப்பா ஆடு மேய்ப்பவர். உரத்துக்காக வயல்களில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடக் கயத்தாறு வரை ஆடுகளை நடத்திக்கொண்டு போவார். கல்யாணமாகாதவர் என்பதால் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஊரில் இருக்கும் நாட்களில் என் சின்னத் தம்பி அவர் தோளைவிட்டு இறங்கமாட்டான். அந்த வருஷம் அவருக்கு இருமல் வந்து, சளியில் ரத்தமும் வந்தது. ஆறு மாத வைத்தியம் என்றார்கள். முதல் இரண்டு மாதம், எங்கள் ஊரில் அந்த மாத்திரையைக் கொடுக்கும் பொறுப்பிலிருந்த பால்வாடி டீச்சர் முன்னால் உட்கார்ந்து விழுங்கினார். இருமல் நின்றது. அதன் பிறகு ஒரு வாரத்து மாத்திரையை அட்டையாகக் கையில் கொடுத்துவிடுவார்கள். காலி அட்டையைக் காட்டினால் அடுத்த அட்டை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எங்கள் சித்தப்பாவைப் பார்த்ததில்லை.

மாத்திரை அவருக்குக் குமட்டியது. வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி, சாப்பிட்டுவிட்டுப் போட்டால் சாப்பாடும் சேர்ந்து வெளியே வந்தது. மூத்திரம் சிவப்பாகப் போனது. அந்த உடம்போடு ஆட்டின் பின்னால் நாளெல்லாம் நடக்க முடியாது. ஒருநாள் காட்டில் என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, இங்கன வா. இதப் பிதுக்கி அந்த வெடிப்புக்குள்ள போடு.”

“டீச்சர் கேட்டா?”

“காலி அட்டையத்தான கேப்பாவ? மழை பேஞ்சா மூடிக்கிடும். ஒருத்தருக்கும் தெரியாது.”

தோளிலிருந்த தம்பி தனக்கும் வேண்டும் என்று அழுதான். அவன் கையிலும் ஒரு மாத்திரையைக் கொடுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டுச் சிரித்தான்.

எல்லா நாளும் அப்படியில்லை. மனசு உறுத்தினால் ஒருநாள் விழுங்குவார். இன்னொரு நாள் சிவப்பு மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதைத் தள்ளிவிடுவார். அடுத்த இரண்டு தடவை எல்லாம் என் கைக்கு வரும். காலையில் தம்பியைப் பால்வாடியில் விடப் போகும்போது காலி அட்டையை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு வேளைகூடத் தவறாத வீடு என்று டீச்சர் மெச்சி, எனக்கும் ஒரு சத்துமாவு உருண்டை தருவார். ரொம்ப ருசியாக இருந்தது என்று சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசியில் மழை பெய்து வெடிப்புகள் மூடிக்கொண்டன. சித்தப்பா சொன்னபடி ஒருவருக்கும் தெரியவில்லை.

தை மாதம் இருமல் திரும்பி வந்தது. மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒண்ணுகூட விட்டதில்ல டாக்டர். எம் மவதான் அட்டையெல்லாம் கொண்டு போயிக் குடுத்தா. அவகிட்டயே கேளுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பழைய மாத்திரைகளையே திரும்பவும் கொடுத்து, கூட ஓர் ஊசியும் எழுதினார்கள். இந்தத் தடவை சித்தப்பா ஒன்றுவிடாமல் விழுங்கினார். ஆனாலும் இளைத்துக்கொண்டே போனார்.

பங்குனியில் தம்பிக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. சோறு இறங்கவில்லை. அவனுக்கும் அதே நோய் என்றார்கள். மாத்திரையும் அதேதான், சின்னப் பிள்ளைக்கு ஏற்ற அளவில்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாத்திரையைத் தூக்கிப் போட்டதற்காகத்தான் சாமி கோபித்துக்கொண்டது, இனி ஒன்றைக்கூட விடாமலிருந்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பள்ளிக்கூடம் போகுமுன் அவன் எதிரே உட்காருவேன். அவன் விழுங்கியதும் அதிகாரம் தொடங்கும்.

“வாயத் தெற. நாக்கத் தூக்கு.”

தூக்கிக் காட்டுவான். கன்னத்துக்குள் விரலை விட்டும் பார்ப்பேன். கட்டிலில் கிடந்த சித்தப்பா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வருத்தமாக இல்லை, பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் ஒரு வேளை தவறவில்லை. தம்பியின் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கடைசியில் அவன் சளியை வெளியூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மாவிடம் சொன்னார்: “இந்த மாத்திரை இந்தக் கிருமிய ஒண்ணும் செய்யாதும்மா. மூணு மாசம் வீணாப் போச்சு.”

சித்தப்பா ஆடியில் இறந்துபோனார். தம்பிக்கு வேறு மருந்து, தினம் ஊசி, மாதக் கணக்கில். பிழைத்தான். ஆனால் அந்த ஊசி அவன் காதுகளைக் கொண்டுபோய்விட்டது.

சித்தப்பா அரையும் குறையுமாக விழுங்கியதில் இளைத்த கிருமிகள் செத்து, அந்த மாத்திரைக்கு மசியாதவை மட்டும் மிஞ்சிப் பெருகின என்பதும், அவர் தோளில் கிடந்தவனுக்குப் போனவை அவைதான் என்பதும் எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? நான் காவலிருந்து விழுங்கவைத்த ஒவ்வொரு மாத்திரையும் அவன் வாய்க்குப் போகுமுன்பே வீணாகிவிட்டது. அன்று டாக்டர் முன்னால் தலையை வேறு மாதிரி ஆட்டியிருந்தால் அப்போதே சளியை அனுப்பிப் பார்த்திருப்பார்கள்; அந்த மூன்று மாதமாவது மிஞ்சியிருக்கும்.

தம்பிக்கு இது எதுவும் தெரியாது. வளர்ந்துவிட்டான். இப்போதும் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டால்கூட என்னைத் தேடி வந்து வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரிக்கிறான்.