முழங்கையில் இருந்த பழுது

தொலைபேசி நிலையத்தின் பழுதுச் சோதனை மேசையில் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர் அவர். ஒரு வீட்டுத் தொலைபேசி செத்துப்போனால், இருந்த இடத்திலிருந்தே கம்பியை அளந்து, "முந்நூத்தி நாப்பது மீட்டர், பேக்கரிக்கு எதிர்க் கம்பம்" என்பார். ஏறிப் பார்த்தால் அங்கேதான் அறுந்திருக்கும். 'ஜோசியர்' என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கம்பியைச் சோதிக்காமல் கருவியைத் திறந்து நோண்டுகிறவர்களைக் காய்ச்சி எடுத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர், ஓய்வு பெற்றபின் இடக்கைச் சுண்டுவிரல் மரத்தபோது, எட்டு மாதங்கள் அந்த விரலுக்கே தைலம் தேய்த்தார். மோதிரவிரலிலும் பாதி மரத்தது. கையிலெடுத்த டம்ளர்கள் நழுவின. பிறகே மனைவியோடு மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் அம்மாள் அவர் முழங்கையின் உட்புற எலும்பு முண்டுக்குப் பின்னால் தட்டினார். சுண்டுவிரல் நுனிவரை சுரீரென்றது.

"பழுது விரல்ல இல்லைங்க ஐயா. இங்க."

பேனாவால் அவர் கையிலேயே வழி வரைந்தார். கழுத்தில் கிளம்பி, அக்குளைக் கடந்து, மேற்கையின் உட்புறமாக இறங்கி, அந்த முண்டின் பின்பள்ளத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே காப்பின்றி ஓடி, அந்த இரு விரல்களைச் சேர்கிறது அல்னார் நரம்பு.

"முழங்கைய மடக்கி ரொம்ப வருஷம் எங்கயாவது ஊனியிருக்கீங்களா?"

அவருக்கு அந்த மேசை விளிம்பு நினைவுக்கு வந்தது. ஊன்றி ஊன்றி மரத்தில் விழுந்த வழவழப்பான குழி. காதில் ரிசீவர். கம்பத்து உச்சியில் ஏறிய லைன்மேனின் குரல் காற்றோடு வரும்: "ஜோசியரே, கீழ நாய் நிக்குது, சீக்கிரம் சொல்லுங்க." "நாய் என்ன நிறம்?" என்பார் இவர். அறை முழுவதும் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே கேட்பார்.

"ஊர்ப் பழுதெல்லாம் உக்காந்த இடத்துல கண்டுபிடிச்சீங்க. உங்க கையில மட்டும் கருவியத் திறந்து நோண்டியிருக்கீங்க," என்றார் மனைவி.

"அறுவை செஞ்சு நரம்ப விடுவிச்சாலும் உணர்ச்சி திரும்பும்னு உறுதி சொல்ல முடியாது," என்றார் மருத்துவர். "நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்."

"முழங்கையிலேருந்து விரல் நுனி நாப்பது சென்டிமீட்டர் இருக்கும். நானூறு நாள்."

"இங்கயுமா ஜோசியம்?" என்றார் மனைவி.

அறுவை முடிந்தது. தினமும் காலையில் முன்கையை மெல்லத் தட்டி, சுரீர் என்னும் இடத்தை, நரம்பு வளர்ந்து எட்டிய இடமென்று குறித்துவைப்பார். அது நத்தைபோல் இறங்கி, மணிக்கட்டைத் தாண்டியது. நானூறாம் நாள் வந்தது. விரல் கட்டையாகவே இருந்தது. மறுநாளிலிருந்து அவர் குறிப்பதை நிறுத்திவிட்டார். மனைவியும் கேட்கவில்லை.

மேலும் ஒரு மாதம் போயிற்று. சாலையைக் கடக்கையில் மனைவி வழக்கம்போல் அவருடைய இடக்கையைப் பற்றினார்.

"என்ன, உன் கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

மனைவி எதிர்ப்புறம் சேர்ந்தபின்தான் பேசினார்.

"எந்த விரலுக்குத் தெரிஞ்சுது?"

அவர் சுண்டுவிரலையும் சேர்த்து அந்தக் கையை இன்னும் சற்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.