முப்பத்தேழு சம்மனசுகள்

புலம்பெயர்ந்த தமிழர் கூடும் ஃபாரஸ்ட் கேட் கோயில் பங்கில் எழுத்தாளன் என்றால் கிறிஸ்துராஜா ஒருவன்தான். 1993 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. பகலில் பெற்றோல் நிலையத்தில் வேலை, மிச்ச நேரத்தில் இலக்கியம். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முன் பங்கு மண்டபத்தில் நடக்கும் ஒளிவிழாவுக்கு ஆண்டுதோறும் நாடகம் எழுதுவான். அதற்கு விதி ஒன்றே: மேடையேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வசனமாவது வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பூசையில் தாய்மார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆகவே அவனுடைய பெத்லகேமில் இறக்கை கட்டிய தேவதூதச் சம்மனசுகள் முப்பத்தேழு; முப்பத்தேழும் பேசின.

அந்த வசனங்களைப் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுப்பவள் சித்தப்பாவின் மகள் மரியமலர். "பரவாயில்லை, பிள்ளை" என்பான். தனக்கு உதவியாக நிற்கிறவரை எவரையும் பாராட்ட அவன் பின்னின்றதில்லை.

அவள் படிப்பு முடித்து, தொலைக்காட்சிக் கம்பனி ஒன்றில் இரண்டு வருடம் தேநீர் போட்டு, கடைசியில் ஓர் ஆசுபத்திரித் தொடரில் ஒரு அத்தியாயம் எழுதும் வாய்ப்பைப் பிடித்துவிட்டாள். கிறிஸ்துராஜா "நல்ல விஷயம்" என்று நாலு தரம் சொன்னான். மூன்றாம் தரமே தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

வெள்ளைக்காரனுக்கு ஆசுபத்திரிக் கதை எழுதுவதெல்லாம் ஓர் எழுத்தா? அதைத் தன்னிடம் ஏன் ஒருவரும் கேட்கவில்லை? இரண்டு கேள்வியும் அவனுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

ஒரு சனிக்கிழமை மரியமலர் அழாத குறையாக வந்து நின்றாள்.

"அண்ணை, நான் எல்லாருக்கும் வசனம் வைச்சிட்டன்."

"அதுக்கென்ன?"

"கட்டில் தள்ளுறவன், தேத்தண்ணி கொண்டாறவ, நாலாம் கட்டில் கிழவன்... பத்தொன்பது பேர். சும்மா நிண்டால் மலிவாம், வாய் திறந்தால் நடிகர் சம்பளமாம். பத்துப் பேரை வெட்டச் சொல்லுகினம். திங்கள் விடியக் குடுக்காட்டி வேற ஆளைக் கொண்டு எழுதுவிப்பினம்."

ஒளிவிழாப் பழக்கம். கிறிஸ்துராஜாவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

செய்ய வேண்டியது அவனுக்குத் தெரியும்: பத்தையும் வெட்டினால் கதை தானாக நிற்கும். ஆனால் அவனுக்கு 1985 ஞாபகம் வந்தது. சின்னமுத்து அம்மை வந்து பதினொரு சம்மனசுகள் படுத்துவிட, அத்தனை வசனத்தையும் ஒளிவிழாவை நடத்தும் அருள்நாயகியின் மகளுக்கே கொடுத்தான். பிள்ளை பதினொரு பேராய் மூச்சுவிடாமல் பேச, மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அது போன்ற அவமானம் அவனுக்கு வாழ்க்கையில் வேறில்லை. மரியமலர் அதைப் பார்க்கவில்லை, அவளுக்கும் சின்னமுத்து.

"ஒண்டையும் வெட்டாதை," என்றான். "நிலம் துடைக்கிற மனிசி இருக்கிறாள்தானே? பத்துப் பேரின்ரை வசனத்தையும் அவளுக்குக் குடு."

"மனிசி விசர்ப் பைத்தியம் மாதிரித் தெரியாதோ?"

"எனக்கு இதிலை அனுபவம் இருக்கு, பிள்ளை."

அது பொய்யல்ல.

ஒளிபரப்பான அன்று சொந்தமெல்லாம் கிறிஸ்துராஜா வீட்டில் கூடியது. அவள் விழுவதைக் கிட்ட இருந்து பார்க்க, முன்வரிசைக் கதிரை அவனுக்கு. வாளியும் தும்புத்தடியுமாய் அந்த மனிசி கட்டில் கட்டிலாகப் போனாள். ஒருவருக்காக முறையிட்டாள், இன்னொருவருக்காக டாக்டரை ஏசினாள். சித்தி சிரித்தாள், கிறிஸ்துராஜாவுக்கு நம்பிக்கை பிறந்தது. நாலாம் கட்டில் கிழவன் பேசமுடியாமல் கிடக்க, அவன் மகனுக்குச் சொல்ல இருந்ததையும் அவளே சொன்னாள். தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கிறிஸ்துராஜாவும் கண்ணைத் துடைத்தான். கடித்த கட்லட்டின் மிளகாய் என்று எண்ணிக்கொண்டான்.

கம்பனி அந்த மனிசியைத் தொடரில் நிரந்தரமாக்கியது. மரியமலருக்கு இன்னும் ஆறு அத்தியாயம்.

ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் சுவாமியாரின் முன்னிலையில் அவள் சொன்னாள்: "எல்லாம் ராசா அண்ணையின்ரை யோசினை, ஃபாதர்."

ஒருவராவது நம்பாமல் இருக்கமாட்டார்களா என்று கிறிஸ்துராஜா சுற்றிப் பார்த்தான். எல்லோரும் நம்பினார்கள். உண்மையை ஒப்புக்கொள்ளலாம்தான், ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்பவரும் இதே சுவாமியார்.

"தங்கச்சியைத் தூக்கிவிட்டிட்டாய், தம்பி," என்று அருள்நாயகி அவன் கையைப் பிடித்தாள். "இந்த முறை ஒளிவிழா நாடகத்தை மரியமலரே எழுதட்டுமன். நீ பக்கத்திலை இருந்து சம்மனசுகளின்ரை வசனத்தை எழுதிக் குடு."

"ஓம்," என்றான். "நல்ல விஷயம்."